அவள் போட்டதை நான் அள்ளுகிறேன்

என் மனைவி தபால்காரி. நான் குப்பை வண்டியில் வேலை பார்க்கிறவன். இருவருக்கும் ஒரே தெருக்கள்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும் கம்பெனி விளம்பரப் புத்தகங்களை, மறுநாள் உறைகூடப் பிரிக்காத நிலையில் நான் அள்ளுவேன். நாயே இல்லாத வீட்டுக்கு நாய் பிஸ்கட் விளம்பரம்! எத்தனை மரங்களை வெட்டி அரைத்தார்களோ, பாவிகள்!

இந்தக் கண்றாவியைச் சுமந்து அவள் தோள்பட்டை போய்விட்டது. கை மேலே எழும்பாததால் அவளுக்கு நான்தான் தலை வாரிவிடுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "பாரம் குறையணும். இல்லன்னா உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு சுவருக்குள் அவளா? பைத்தியம் பிடித்துவிடும்.

"விளம்பரம் வேண்டாதவங்க, அனுப்புற கம்பெனிக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கன்னு நோட்டீஸ் அடிச்சுப் போடு" என்று மேதாவி மாதிரி யோசனை சொன்னது நான்தான். அடித்தாள், எல்லாப் பெட்டியிலும் போட்டாள். மறுநாள் அத்தனையும் மடிப்புக் கலையாமல் என் வண்டிக்கு வந்து சேர்ந்தன.

"உங்க யோசனையைக் குப்பையில போட!"

"அங்கதான் இருக்கு" என்றேன். அன்று சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அவள் தன் வாயையே நம்பினாள். கதவைத் தட்டி, அங்கேயே போன் பண்ண வைத்து, பேசி முடிக்கும்வரை நகரமாட்டாள். "கல்யாண டிரஸ் விளம்பரம் உங்களுக்கு எதுக்கு தாத்தா? மறுபடியும் மாப்பிள்ளை ஆகப்போறீங்களா?" என்று ஒரு கிழவரைக் கேட்டாளாம். அவர் சிரித்துக்கொண்டே போனை எடுத்தாராம். சில மாதங்களில் பை பாதியாகிவிட்டது. ஒருநாள் தானே கொண்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நேற்று தபால் ஆபீஸ் அதிகாரி அவள் பையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். "லேசா இருக்கேம்மா. ஆத்துப் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க."

எனக்கு வந்ததே கோபம்! "பாடுபட்டு இறக்கி வச்சதை மறுபடியும் தலையில கட்டுறாரா? பேசாம உட்கார்ற வேலையையே கேட்டு வாங்கு" என்று கத்தினேன்.

அவள் தன் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அந்தப் பக்கம் குப்பை எடுக்கிறது யாரு?"

"எங்க வண்டிதான். ஏன்?"

"பிரிக்காமத் தூக்கிப் போடுறது எந்தெந்த வீடுன்னு நாளைக்குப் பார்த்துட்டு வாங்க. முதல்ல அங்கதான் போகணும்."

இன்று காலை அந்தத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியாக நின்று நிதானமாகக் கிளறினேன். வண்டியோட்டி பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.

"என்னய்யா அப்படித் தேடுற, தங்கமா?"

"என் பொண்டாட்டியோட தோள்பட்டையை" என்றேன்.