ஒன்பதரை மணி காட்ட ஒரு வாட்ச்

வாட்ச் கடையில் உட்கார்ந்தால் ஊருக்கே மணி சொல்லலாம், ஒருத்தருக்கும் புத்தி சொல்ல முடியாது. சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் பதினாறு வருஷமாக அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறேன். நீங்களும் ஏதாவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவர் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். இந்த சீசனில் ஒரே ஒரு மனுஷனுக்கு ஒரே ஒரு வாட்ச் விற்பதற்குள் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

செல்லும் ஆகாது, பேட்டரியும் ஆகாது

செல்வராஜ் அண்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். மருந்து கலக்குகிற ஷெட். அவருக்குக் கீழே ஆறு பெண்கள். கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பேட்டரி போட்ட வாட்ச்சுக்கும் அதே கதிதான். வெயில் ஏறினால் ஆபத்து என்று ஒன்பதரைக்கு மேல் மருந்து கலக்கக் கூடாது. சுவரில் போர்டே எழுதிப் போட்டிருக்கிறார்கள். போர்டு இருக்கிறது, கடிகாரம்தான் இல்லை. மேனேஜர் ஆபீஸிலிருந்து மணி அடித்தால்தான் அங்கே ஒன்பதரை. லோடு நெருக்கினால் அந்த மணி பத்தேகாலுக்கு அடிக்கும். போன மாதம் அடுத்த ஷெட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அன்றைக்கும் மணி நேரத்துக்கு அடிக்கவில்லை.

அதனால் அவருக்கு ஆட்டோமேட்டிக் வாட்ச் வேண்டும். கை ஆட ஆட அதுவே சாவி ஏறி ஓடும், பேட்டரி கிடையாது. ஷெட்டுக்குள்ளே கொண்டு போக மாட்டார், ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்கவிடுவாராம். அவர் கையில் இருக்கிற காசுக்கு ஆட்டோமேட்டிக்கில் ஜப்பான் வாட்ச்தான் கட்டும். "ஏன்ணே, மேனேஜர்ட்டயே மணி கேட்டா என்ன?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"எங்ககிட்ட மணி இல்ல தங்கச்சி, அதனால அவரு சொல்றதுதான் மணியா இருக்கு."

பீரோவுக்குள் நின்றுபோனது

இரண்டு மாடலை எடுத்து வைத்தேன். ஒன்று பளபளவென்று கறுப்பு டயல், தேதி, கிழமை எல்லாம் உண்டு. இன்னொன்றில் பெரிய பெரிய எண், அவ்வளவுதான். ஆனால் அதற்குக் கையாலும் சாவி கொடுக்கலாம். பகலெல்லாம் ஜன்னலில் சும்மா தொங்கப்போகிற வாட்ச்சுக்கு இதுதான் சரி, உள்ளூரில் ரிப்பேரும் பார்க்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். அண்ணன் அதைக் கையில் கட்டியும் பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வந்தார் ஒரு அச்சுப் பிரஸ் முதலாளி. கண்ணாடி மேல் டொக்கென்று தன் வாட்ச்சை வைத்து, "ஏம்மா, டூப்ளிகேட்டத் தள்ளிவிட்டியா? நின்னுபோச்சு" என்றார். ஆறு மாதம் முன்னால் என்னிடம் வாங்கிய ஆட்டோமேட்டிக்தான். எங்கே வைத்திருந்தார்? பீரோவில், பட்டுச்சேலைக்கு நடுவில். கையில் கட்டினால்தான் ஓடும் அண்ணாச்சி என்று விற்கும்போதே மூன்று தடவை சொல்லியிருந்தேன். நான் எடுத்து நாலு ஆட்டு ஆட்டினேன், ஓடியது. வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். இவர் குரலை இன்னும் ஏற்றினார். செல்வராஜ் அண்ணன் கட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு நைசாக இறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அண்ணாச்சி என்றுகூடப் பார்க்காமல், போட்டுக்கொள்ளாத பொருளுக்கு எதற்கு இத்தனை சத்தம் என்று கேட்டேவிட்டேன்.

"தெனம் கட்டுனா ஓடுமாம்ல, அப்ப பத்திரமா வைக்கிறதுக்குத் தனியா ஒரு வாட்ச் வாங்கணுமாக்கும்?"

எழுதியிருந்தால் ஜப்பான்

நாலு நாள் கழித்து அண்ணன் மறுபடி வந்தார். கூடவே அவர் மச்சினன். அண்ணன் கையில், மச்சினன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த ஒரு வாட்ச். டயலில் இங்கிலீஷில் ஜப்பான் என்றும் ஆட்டோமேட்டிக் என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை என் விலையில் பாதிகூட இல்லை. அதைக் கட்டிக்கொண்டு அண்ணன் வேலைக்குப் போயிருக்கிறார். கேட்டில் இருந்த வாட்ச்மேன் செகண்டு முள் விட்டு விட்டுத் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, இதில் பேட்டரி இருக்கிறது என்று சத்தம் போட்டு, அன்றைக்கு வேலையில்லாமல் வாட்ச்சோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஏமாந்ததும் இவர், ஏமாற்றினார் என்று பேர் வாங்கியதும் இவர்.

பின் மூடியைத் திறந்தேன். பொட்டு மாதிரி ஒரு பேட்டரி உட்கார்ந்திருந்தது. எவனோ கொள்ளையில் போவான், இரண்டு வார்த்தையை அச்சடித்து விற்றிருக்கிறான். தெருவுக்குத் தெரு அச்சாபீஸ் இருக்கிற இந்த ஊரில் இருந்துகொண்டு, அச்சில் வந்ததை எல்லாம் நம்புகிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டோமேட்டிக் என்றால் முள் துள்ளாது, வழுக்கிக்கொண்டு போகும் என்று கடை வாட்ச்சைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மச்சினன் அசரவே இல்லை.

"ஜப்பான்னு போட்டிருக்குல்லக்கா, பெறகு எதுக்கு அதத் தொறந்து பாக்கீக?"

இருபது செகண்டு

ஒருவழியாக அந்தப் பெரிய எண் வாட்ச்சையே அண்ணன் எடுத்தார். பில் போடும் முன் உண்மையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அதனால் பாதி வியாபாரம் கெட்டிருக்கிறது, வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். "இது பேட்டரி வாட்ச் மாதிரி துல்லியமா ஓடாதுண்ணே. ஒரு நாளைக்கு இருபது செகண்டு முன்னபின்ன இருக்கும். வாரம் ஒருக்கா சரி பண்ணிக்கோங்க" என்றேன். அவர் சிரித்தார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் சிரித்தார்.

"எங்க மேனேஜரு முக்கா மணி நேரம் பிந்தி ஓடுறாரு, நீ என்னமோ இருபது செகண்டச் சொல்லிக்கிட்டு இருக்க."

லெட்டர் கேட்டு வந்தவர்

அடுத்த வாரம் அந்த மேனேஜரே காரில் வந்து இறங்கினார். "செல்வராஜுக்கு நீங்கதான் வாட்ச் குடுத்தீகளா?" என்றார். ஆமாம் என்றேன். நாலு நாளாக வாட்ச்சில் ஒன்பதரை ஆனதும் அண்ணனும் ஆறு பெண்களும் கையைக் கழுவிவிட்டு மரத்தடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். ஆர்டர் முடங்குகிறதாம். "அது சரியா ஓடாதுன்னு நீங்களே சொன்னீகளாமே? அதக் கடை லெட்டர்ல எழுதி சீல் வச்சுக் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் சொன்ன உண்மையைக் கொண்டே என் கையாலேயே ஆறு பேரை வெயிலில் மருந்துக்குள் தள்ளப் பார்க்கிறார். அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அவரும் ஒரு ஜப்பான் வாட்ச்தான் கட்டியிருந்தார், நல்ல விலையில். கடைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன், ஒரு நிமிஷம் பிசகில்லை. "உங்க வாட்ச் சரியாத்தான ஓடுது சார், பெறகு எப்படி உங்க மணி மட்டும் பிந்துது?" என்றேன். லெட்டரும் கிடையாது, சீலும் கிடையாது, போகலாம் என்றும் சொன்னேன்.

"நேரம் எனக்குத் தெரியும்மா. அவுகளுக்கு எதுக்கு?"

ஆறு பேர்

மறுநாள் சாயங்காலம் ஆறு பெண்கள் கடைக்குள் வந்தார்கள். நகக்கண்ணில் வெள்ளி மருந்து போகாமல் மின்னியது. செல்வராஜ் அண்ணனை லோடு ஏற்றுகிற பக்கம் மாற்றிவிட்டார்களாம், வாட்ச்சும் அவரோடு போய்விட்டதாம். என்னால்தான் என்று நினைத்தேன், அதைச் சொல்லியும்விட்டேன். அவர்களில் மூத்தவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆறு பேரும் சேர்ந்து போட்ட பணத்தைக் கண்ணாடி மேல் வைத்து, அதே வாட்ச் ஒன்று கேட்டார். இதை யார் கட்டுவது, கட்டுகிறவரையும் மாற்றிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நாளுக்கொரு ஆளு கட்டுவோம்க்கா, எம்புட்டுப் பேர மாத்துவாக?"

பதினாறு வருஷத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன்: குறைந்த விலையில் நல்ல வாட்ச் எது என்று யாருக்கு வேண்டுமானாலும் காட்டிக் கொடுக்கலாம், அதில் மணி பார்ப்பதற்குத்தான் ஆறு பேர் சேர வேண்டியிருக்கிறது.