நாஸ்டி என்றால் அழகு

தெற்கேயிருந்து காற்றடித்தால் எங்கள் ஏழாம் வகுப்பின் ஜன்னல்களை மூடிவிடுவோம். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை, மூடிய பிறகும் சட்டத்தின் இடுக்கு வழியாக நுழைந்து சாப்பாட்டுத் தூக்குவரை வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் "தோல்ஷாப்பு" என்போம். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த அமலியின் அப்பா அங்கேதான் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தார்.

"அந்தப் பிள்ளையோட ஒட்டி உக்காராதத்தா, வாடை ஒட்டிக்கிரும்" என்று தினமும் தலை பின்னும்போது அம்மா சொல்வாள். அமலியிடம் சோப்பு வாசம்தான் வரும். ஆனால் வகுப்பில் என்னைத் "தோல்ஷாப்புக் கூட்டாளி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் இங்கிலீஷ் டீச்சர் போர்டில் "நாஸ்டி" என்ற சொல்லை எழுதி, கசக்கும் மருந்து, குடலைப் புரட்டும் நாற்றம், அடுத்தவரை நோகடிக்கிற குணம், எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றையே போடலாம் என்று விளக்கினார். அன்று அமலி வரவில்லை. மறுநாள் என் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே, "இதுக்கு என்ன அர்த்தம்டி?" என்று கேட்டாள். பின் பெஞ்சுக்காரிகள் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப அழகுன்னு அர்த்தம்" என்றேன்.

பின்னால் அடக்கிய சிரிப்புக் கேட்டது. அன்று மத்தியானம் அவர்கள் முதல்தடவையாக என்னைத் தங்களோடு சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் புதிய சின்னாளபட்டிச் சுங்குடி கட்டிவந்தார். அமலி எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பாக, ஒவ்வொரு சொல்லாக, "டீச்சர், யுவர் சாரி இஸ் நாஸ்டி" என்றாள்.

"எங்கயிருந்து வர்றவ நீ, என் சேலையச் சொல்றியா?" என்று டீச்சர் மர ஸ்கேலால் அவள் விரல் முட்டியில் அடித்தார். அடி வாங்கிக்கொண்டே அமலி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் அப்பாவை வரச்சொல்லியிருந்தார்கள். பட்டைச் சாயம் ஏறிப் பழுப்பான கைகளைக் கூப்பிக்கொண்டு வகுப்பு வாசலிலேயே நின்றார். "பிள்ளை என்ன சொல்லுச்சுன்னு எனக்கு வெளங்கலைங்கம்மா. தப்பாத்தான் இருக்கும். மன்னிச்சிருங்க" என்றார். அவரை அப்படிப் பார்த்த பிறகு அமலி பள்ளிக்கூடம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, அம்மாவுக்குத் தெரியாமல் அவள் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்காமலே கேட்டாள்:

"தெரிஞ்சு சொன்னியா, தெரியாமச் சொன்னியா?"

"தெரியாமத்தான்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள். நம்பினாளா, பொய்யென்று தெரிந்தும் போகட்டுமென்று விட்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். தோல்ஷாப்பு மூடிப் பல வருடம் ஆகிறதாம். குழிகளை மண்கொட்டி மூடி வீட்டுமனையாக்கி விட்டார்கள். கடைசியில், அந்தக் குழிகளில் வேலை பார்த்த ஒரே ஒரு கிழவரைக் கண்டுபிடித்தேன். அமலியின் அப்பா பெயரைச் சொன்னதும் தலையாட்டினார், இறந்துவிட்டார் என்றார். மகள் அமலியைப் பற்றிக் கேட்டேன்.

"அமலியா? அவருக்கு மக இருந்துச்சா?"