நாலே முக்கால் அடி உயரத்துக்கு ஒரு குழி

இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கண்ணை, தரையில் நிறுத்திவைத்த துடைப்பக் கட்டையின் நுனியில் மாட்டியிருக்கும் திரைச்சீலை வளையத்துக்குப் பின்னால் வைத்து, குழிக்காரர் தரையைப் பார்க்கிறார். பார்த்துவிட்டுப் பத்தடி நடந்து போய், குனிந்து, நீலச் சாக்பீஸால் ஒரு கோடு இழுக்கிறார். திரும்பி வருகிறார். மறுபடியும் வளையம், மறுபடியும் ஒற்றைக் கண். "இன்னும் கொஞ்சம் கீழ போகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். கீழே என்றால் பூமிக்குள்ளே என்று அர்த்தம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பதினொரு மணிக்குள் நூலகத்து முற்றத்தில் இருபதடி ஆழம் போய்விடுவார். ஒரு பிடி மண் வெளியே வந்திருக்காது.

மாயத் தோற்றம், முப்பரிமாணம் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பிடிப்பதில்லை. "குழி போடறேன்" என்பார், அவ்வளவுதான். இதே தொழிலில் இருக்கும் மற்றவர்கள் அருவி வரைகிறார்கள், முதலை வரைகிறார்கள், தரையைப் பிளந்துகொண்டு வரும் ரயிலை வரைகிறார்கள். இவருக்குக் குழி ஒன்றே போதும். செங்கல் சுவர் வைத்த குழி, படிக்கட்டு இறங்கும் குழி, அடியில் தண்ணீர் மினுங்கும் குழி. பூங்காக்காரர்கள் ஒருமுறை பூ வேண்டும் என்று கேட்டார்கள். வரைந்து கொடுத்தார், இருபதடிக் குழியின் அடியில் ஒரே ஒரு பூ. செருப்புக் கடைத் திறப்பு விழாவுக்கு வாசலிலேயே குழி போட்டுத் தந்தது அதைவிட மோசம். அன்று முழுக்கக் கடைக்குள் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. முதலாளியே சாயங்காலம் பின்பக்கமாகத்தான் வீட்டுக்குப் போனதாகக் கேள்வி.

சாலைப் பராமரிப்பு ஆட்கள் வந்த கதையை அவரே சொல்லிக் கேட்க வேண்டும். முற்றத்தில் ஆபத்தான பள்ளம் இருப்பதாக யாரோ புகார் எழுதிப் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒரு வண்டி ஜல்லியோடு வந்து, இதை மூட வேண்டும் என்றார்கள். இவர் மறுக்கவில்லை, தாராளமாக மூடிக்கொள்ளச் சொன்னார். கொட்டினார்கள். ஜல்லி உள்ளே போகாமல் தரைமேல் குவிந்து நின்றது. இருவரும் கொஞ்ச நேரம் குவியலைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு 'மூடப்பட்டது' என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜல்லியை மறுபடி வாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒற்றைக் கண் பார்வை தொழிலோடு நின்றுவிடவில்லை. பதினொரு வருடப் பழக்கம். தக்காளி பொறுக்கும்போதும் இடது கண் தானாக மூடிக்கொள்ளும், தெருவைக் கடக்கும்போதும் மூடிக்கொள்ளும். வங்கியில் ஒருநாள் அப்படி மூடியபோது கவுன்டரில் இருந்த பெண் முகம் சிவந்து மேலாளரைக் கூப்பிட்டுவிட்டார். வந்த மேலாளரையும் இவர் அதே மாதிரி பார்க்க, விஷயம் இன்னும் சிக்கலாகிப் போனது. ஏன் இப்படி என்று கேட்டால் அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "ரெண்டு கண்ணும் சேர்ந்து பாத்தா தரை தரையாத் தெரிஞ்சிடும். ஒரு கண்ணுதான் ஏமாறும்."

ஊரே அந்தக் குழிகளைச் சுற்றித்தான் போகும். தபால்காரர் ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். கையில் புத்தகத்தோடு படித்துக்கொண்டே வருகிறவர்கள் விளிம்பில் திடுக்கிட்டு, ஒற்றைக் காலில் தத்தளித்து, அந்தரத்தில் எதையோ பிடிக்கப் பார்ப்பார்கள். ஒரே ஒருவர் மட்டும், தினம் பதினொரு மணிக்கு, கையில் டீ ஃபிளாஸ்கோடு குழியின் நட்டநடுவில் குறுக்கே நடந்து வருவார். குழிக்காரரின் மனைவி. சுற்றிப் போனால் டீ ஆறிவிடுமாம். அவருடைய செருப்புத் தடம் குழியின் ஆழத்தில் ஒன்பது இடத்தில் விழும். குழிக்காரர் ஒரு கையால் டீ குடித்துக்கொண்டே மறு கையால் அந்த ஒன்பதையும் அழித்துச் சரிசெய்வார்.

மனைவி வேலை பார்ப்பது எதிர்ச்சாரியில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை உட்காரவைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, சுவரில் தொங்கும் எழுத்துகளைப் படிக்க வைப்பது அவர் பொறுப்பு. தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சொல்லி ஏமாற்றப் பார்க்கிறவர்களைத் தினமும் பத்துப் பேரையாவது பிடித்துவிடுவார். அப்படிப்பட்டவரிடம் போய், கண்ணுக்குத் தெரியாத குழியைத் தெரிகிறது என்று சொல்ல வைக்க முடியுமா? அவருக்கு அது தெரியவில்லை. அதுதான் உண்மை. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துக் கணவர் இந்தத் தொழிலில் இறங்கிய நாளிலிருந்து, அவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் மழையில் நனைந்து சப்பிப்போன அட்டைப்பெட்டி மாதிரி ஏதோ ஒன்றுதான். பார்ப்பதற்கென்று கணவர் அடையாளமிட்ட இடத்தில் நின்றும் பார்த்துவிட்டார். அங்கேயும் அதே அட்டைப்பெட்டிதான். குழந்தை காட்டும் கிறுக்கலைப் பார்த்துச் சொல்வதுபோல "ம், நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்தார்.

அப்படியானால் ஜனங்கள் பயந்து விலகுவது? அதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. கணவர் மனம் நோகக்கூடாதே என்று ஊர் சேர்ந்து நடிக்கிறது! இதை அவர் மனதார நம்பினார். குழியோரம் தத்தளித்தவர்களைத் தனியே கூப்பிட்டு, "ரொம்ப நன்றிங்க, உங்களுக்கு நல்ல மனசு" என்று சொல்லி ஃபிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் டீயும் கொடுப்பார். அவர்களும் எதற்கு என்று தெரியாமலே வாங்கிக் குடிப்பார்கள். போனில் எடுத்த படங்களைக் காட்டினாலும் பலனில்லை. "போன்ல எல்லாமே அழகாத்தான் வரும். என் தம்பி கல்யாண ஃபோட்டோவுல என் தம்பியே அழகா இருக்கான்" என்பார்.

அந்தத் தம்பிக்குத் தரை ஓடு விற்கும் கடை. போன மாதம் அவர் அக்கா வீட்டுக்கு வந்து, கடையில் ஓர் ஆள் தேவைப்படுகிறது, மாமா வந்துவிடலாமே என்றார். "இதுவும் தரை சம்பந்தப்பட்ட வேலைதானே மாமா. நின்னுக்கிட்டே பாக்கலாம்." குழிக்காரரின் முழங்கால்கள் இரண்டும் அந்த நேரம் பார்த்து மடக்கென்று சத்தம் போட்டன. முழங்காலில் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்தவர் மனைவி. அவருக்கு இந்த யோசனை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. குழிக்காரர் இரண்டு நாள் சாப்பாட்டில் மட்டும் கவனம் செலுத்தினார். மூன்றாம் நாள் மனைவியே பேச்சைத் தொடங்கினார்.

"ஏங்க, நான் பிடிவாதம் பிடிக்கலை. என் கண்ணுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குழியாத் தெரியட்டும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். சனிக்கிழமை தம்பி வரான்."

அது குழிக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரையே மிரள வைத்து என்ன பயன்? பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர் தன்னைப் படம் போட வராத மனிதன் என்றல்லவா பதினொரு வருடமாக நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே டீ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். கோபப்படலாமா, உருகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த மூன்று நாளும் வெறிபிடித்தவர் மாதிரி குழி போட்டார். முப்பதடிக்குப் போனார், நாற்பதுக்குப் போனார். அடியில் ஒரு சின்ன விளக்குகூட எரிந்தது. மனைவி மூன்று நாளும் அதன் நடுவே நடந்து வந்தார். விளக்கை மிதித்தார்.

புதன்கிழமை, பார்க்கும் இடத்தில் கட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸ் துண்டு ஒன்று கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாதி வளைந்த நிலையில் அப்படியே நின்றார். நூலகத்திலிருந்து வந்த ஒருவர் உதவட்டுமா என்று கேட்டபோது, கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினார். வேறு செய்ய ஒன்றுமில்லாமல், பழக்க தோஷத்தில், இடது கண்ணை மூடித் தரையைப் பார்த்தார்.

நாற்பதடிக் குழியைக் காணோம். ஒரு சுவர் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது, ஒரு சுவர் படுத்துவிட்டிருந்தது, விளக்கு எங்கோ ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. சப்பிப்போன அட்டைப்பெட்டி.

தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பார்களே, அது அன்று நடந்தது. குழிக்காரர் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. துடைப்பக் கட்டை அவர் கண் உயரத்துக்கு வெட்டியது. போட்ட குழியெல்லாம் அந்த வளையத்துக்காகப் போட்டது. உயரம் அரை அடி முன்னே பின்னே இருந்தால் கண் எப்படியோ சமாளித்துவிடும். ஊரும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் நடமாடியது. அவர் மனைவியோ நாலே முக்கால் அடி. "இதையா பாத்துட்டு இருந்தா, பாவி" என்று வாய்விட்டுச் சொன்னார். பாவி யார் என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. உதவிக்கு வந்தவர் தன்னைச் சொன்னதாக நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் நடந்தவை கொஞ்சம் விசித்திரமானவை. மனைவி சமையலறையில் எங்கே திரும்பினாலும் பின்னாலேயே ஒரு பென்சிலோடு கணவர் நின்றார். பாலை எடுக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனவரின் கண்ணுக்கு நேராக, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கோடு விழுந்தது. எதற்கு என் மூக்குக்கு முன்னால் பென்சிலை ஆட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஃபிரிட்ஜ் சாய்ந்து நிற்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ரசத்தைச் சூடாக ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் குழிக்காரர் வாசலில் உட்கார்ந்து, பதினொரு வருடமாகக் கூட வந்த துடைப்பக் கட்டையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, ரம்பத்தால் ஓர் அடிக்கும் மேல் அறுத்தார். வேறு கட்டை வாங்கியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை குழி இருபதடிதான். அலங்காரம் எதுவும் இல்லை. நாலு செங்கல் சுவர், அடியில் இருட்டு, அவ்வளவுதான். குட்டைக் கட்டையின் வளையத்தில் கண் வைக்க ஒவ்வொரு தடவையும், பிடித்துக்கொண்ட இடுப்புக்குக் கட்டிய பட்டையோடு மடங்கி நிமிர வேண்டியிருந்தது. "ஐயோ" என்று ஒரு கோடு, "அம்மா" என்று ஒரு கோடு. மனைவி எப்போதும் முற்றத்தில் ஏறும் இடத்தில், அவர் செருப்பின் அளவுக்கே இரண்டு பாதங்களை வரைந்து வைத்தார்.

அன்று ஊர் நடிக்க மறந்துவிட்டது. தபால்காரர் குழிக்குள் இறங்கி நின்று கடிதம் அடுக்கினார். புத்தகக்காரர்கள் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல் தாண்டிப் போனார்கள். வழக்கமாக வந்து ரசிக்கும் ஒருவர், உடம்பு சரியில்லையா என்று தணிந்த குரலில் விசாரித்தார். பத்தே முக்காலுக்கு மைத்துனர் வந்தார். கடையின் பெயர் தைத்த சட்டையைக் கவரோடு கையில் வைத்திருந்தார். தரையைப் பார்த்து, "என்ன மாமா, இன்னைக்கு ஒரேயடியா கோணிப் போச்சு" என்று வருத்தப்பட்டுக்கொண்டே குழியின் நடுவில் போய் நின்று அக்காவுக்காகக் காத்திருந்தார்.

பதினொரு மணிக்கு மனைவி ஃபிளாஸ்கோடு தெருவைக் கடந்து வந்தார். முற்றத்தில் ஏறினார். வரைந்த பாதங்களில் தன் கால்கள் கச்சிதமாகப் பொருந்தியதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவர், அடுத்த அடி எடுத்து வைக்கவில்லை.

ஃபிளாஸ்கைக் கீழே வைத்தார். இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடிப் பார்த்தார். வலது உள்ளங்கையால் வலது கண்ணை மூடிப் பார்த்தார். இருபதடி ஆழத்துக்கு மேலே, அந்தரத்தில், கையில் ஒரு சட்டையோடு அவருடைய தம்பி நின்றுகொண்டிருந்தார்.

"வாக்கா, வெறும் தரைதான்" என்றார் தம்பி.

அக்கா போகவில்லை. ஃபிளாஸ்கை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். முற்றத்தின் ஓரமாக நடந்து, நூலகச் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே, குழியை முழுசாகச் சுற்றி வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மறுபடியும் நீளநீளமான கிறுக்கல்தான். நடுவில் தம்பி சாதாரணமாகத் தரையில்தான் நின்றிருந்தார். விளிம்பில் குழிக்காரர் மண்டியிட்டு, தலை நிமிராமல், காதோரம் வியர்வை வழிய, ஒரு செங்கல்லுக்கு நிழல் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஃபிளாஸ்கைத் திறக்கவில்லை. முதலில் குனிந்து, அவர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, இரண்டடி பின்னால் இழுத்தார்.