தோமாசுவின் தம்பி

“பெரிய தொரை சொல்றாரு, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊரெல்லாம் இனி எங்களுக்குத்தான்னு. கணக்கப்புள்ள ஒண்ணும் பேசல்ல. பாரு அவன் முகத்த, கள்ளன், சுத்தக் கள்ளன்!” என்று ரபாயேல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தொலைக்காட்சியில் ஜப்பான் தேசத்துப் பிரபு ஒருவர் பட்டு அங்கியோடு பாயில் அமர்ந்திருக்கிறார். அவர் பேசுவது ஜப்பான் மொழி. கீழே ஓடுகிற எழுத்து சிங்களம். ரபாயேலின் வாயிலிருந்து வருவது நம்முடைய மலைநாட்டுத் தமிழ். சிங்களம் வாசிக்கத் தெரியாத மனைவி மார்ஜரிக்கு வேண்டியது அந்தக் கடைசிதான்.

மாத்தளை–ரத்தோட்டை பஸ்ஸில் ரபாயேல் கொண்டக்டர். “இஸ்ஸரஹாட்ட யன்ன, முன்னுக்குப் போங்க” என்று ஒரே மூச்சில் இரண்டு மொழியிலும் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப் போய்விட்டது. மனிதருக்கு இந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிப்போய்விட்டதென்றால், பலாபத்வலையில் தன் வீட்டுக் கோழியை விரட்டும்போதும் சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை விரட்டுவார். கோழி எந்த மொழிக்கு நகர்ந்தது என்பதில் அவருக்கும் மார்ஜரிக்கும் தீராத வழக்கு.

சிங்களம் பேசுவதில் புலி. வாசிப்பதில் அவ்வளவு இல்லை. பஸ் பெயர்ப்பலகைகளிலும் பயணிகள் ஆசனத்தில் விட்டுப்போன பத்திரிகைகளிலும் பொறுக்கிக்கொண்ட எழுத்து அது. திரையில் ஒரு வரி வந்து மறைவதற்குள் பாதியைத்தான் பிடிப்பார். மீதிப் பாதிக்கு அஞ்சுகிற ஆள் இல்லை, கைச்சரக்கை அவிழ்த்துவிடுவார். அதனால்தான் சாமுராய்களின் தலைவர் தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரை ஆனார், அவருடைய மந்திரி கணக்கப்பிள்ளை ஆனார். அரண்மனைப் பெண்கள் கூடிப் பேசினால் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். டொமோசோ என்கிற கதாநாயகன் முதல் காட்சியிலேயே தோமாசு ஆகிவிட்டான். “யேசுவே, தோமாசு தனியா மாட்டிக்கிட்டானே!” என்று மார்ஜரி நெஞ்சில் கை வைப்பாள். வாள் உறையை விட்டு வெளியே வந்தால் மட்டும் ரபாயேல் வாயை மூடிக்கொள்வார். “இதுக்கு என்னத்தச் சொல்ல, பாரு” என்பதோடு சரி.

அந்தச் சாமுராய் படம் அவர்கள் வீட்டுக்கு வந்தது கொரோனா ஊரடங்கு காலத்தில். பஸ் ஓடவில்லை. சந்தியில் கைபேசிக் கடை வைத்திருக்கும் முஸம்மில், வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிடக் கூடாதென்று கொஞ்சம் படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். மார்ஜரிக்கு அப்போது படம் பார்க்கிற மனம் எங்கே இருந்தது? அவளுடைய தம்பி றெக்சன் கட்டாரில் வேலைக்குப் போயிருந்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பது வரைக்கும் தகவல். அதற்குப் பிறகு அவனுடைய கைபேசி பேசவில்லை. அவளுக்கு அவன் தம்பி மட்டுமா? ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்தில் தாய் இறந்த பிறகு, காலையில் அவனைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய், மாலையில் இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தவள் அவள். செபமாலையோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளே தவிர, படம் பார்த்தாளா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

படத்தின் நடுவில் ஒரு மரப்பாலம் வருகிறது. கொட்டுகிற மழை. பிரபுவின் கட்டளையை மீறி ஓடிப்போன தம்பியைக் கொல்லத் தோமாசுவையே அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் பாலத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரே ஒரு வீச்சு. தம்பி ஆற்றில் விழுகிறான். தோமாசு மண்டியிட்டு ஒரு வரி சொல்கிறான். ‘என் தம்பியை என் கையாலேயே கொன்றேன்’ என்று கீழே எழுத்து வந்தது. எத்தனையோ வரிகளைத் தவறவிட்ட ரபாயேல், அந்தப் பாழாய்ப்போன வரியை மட்டும் ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், மார்ஜரி செபமாலையை மடியில் வைத்துவிட்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“தம்பி தப்பிட்டான்” என்றார் ரபாயேல். “வாள வேணும்னுதான் தவற விட்டேன், அவன் ஆத்துல பாஞ்சு போயிட்டான், எங்கயாவது நல்லா இருக்கட்டும்னு சொல்றான்.”

அதோடு விட்டதா? படம் இன்னும் பாதி கிடந்தது. தோமாசு ஒரு கல்லறைக்கு முன்னால் விழுந்து அழுதான். “அது அவங்க அம்மாவோடது” என்றார். தோமாசு விடிய விடியத் தூங்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தம்பிகிட்டயிருந்து ஒரு தகவலும் இல்லன்னு யோசிக்கிறான்” என்றார். சனம் பிதுங்குகிற பஸ்ஸில் ஏற்றத்தில் நின்றுகொண்டு டிக்கட் கிழிக்கிற மனிதருக்கு அன்று வேர்த்த மாதிரி என்றைக்கும் வேர்த்ததில்லை.

றெக்சன் திரும்பி வரவில்லை. அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானான். ஒரு பிடி மண் போட வீட்டிலிருந்து ஒருவராலும் போக முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் வந்து போன பிறகு, ஒரு மத்தியானம் மார்ஜரி, “அந்தப் பாலத்தக் கொஞ்சம் போடுங்க” என்றாள். ரபாயேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போட்டார். முன்பு சொன்னதையே சொல்லுக்குச் சொல் சொன்னார். அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்துபோய் அரிசி களைந்தாள். அன்றிலிருந்து றெக்சனின் பிறந்த நாளா, வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவுக்குப் போய்வந்த அலுப்பா, காரணமில்லாமல் மனம் கனக்கிற நாளா, எதுவானாலும் அந்தப் பாலம்தான்.

இப்போது அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது.

“அண்ணன், ஒங்கட சாமுராய் திரும்ப வந்தீக்கி. அதுவும் தமிழ்ல! இனி நீங்க தொண்ட கிழியத் தேவல்ல” என்று முஸம்மில் கடைவாசலிலேயே நிறுத்திச் சொன்னார். ரபாயேல் வீட்டுக்குப் போகவில்லை. கடைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல படம். முதல் படத்தில் தோமாசு வாளை உருவுவதே அபூர்வம். உருவினால் பார்க்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். இதில் பனியில், குதிரை மேல், மூங்கில் காட்டுக்குள் என்று ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கிறான். பாதியில் கொஞ்சம் அலுப்புத் தட்டத்தான் செய்கிறது. ஆனால் நரைத்துப்போன தோமாசு எரிகிற கோட்டைக்குள் தனியாக நுழைந்தபோது ரபாயேல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அமைதியில் முதல் படம் உசத்தி, சண்டையில் இது உசத்தி என்று நியாயமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். வில்லங்கம் கதையில் இருந்தது. முதல் படத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதுமாயிருந்தது. இரண்டாம் படமோ முழுக்க முழுக்க அந்த ஒரு வரியின் மேலேயே நிற்கிறது. தம்பியைக் கொன்ற பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பேன் என்று தொடக்கம் முதல் முடிவு வரை, அட்சர சுத்தமான தமிழில் புலம்பித் தீர்க்கிறான் பாவி மனிதன்.

“தமிழ் பேசாம, சிங்கள எழுத்து மட்டும் ஓடுற மாதிரி ஒண்ணு இல்லையா?” என்று கேட்டார்.

“எல்லாரும் தமிழ்ல வேணும்னு உசிர வாங்குறாங்க. நீங்க என்னத்துக்கு அண்ணன் சிங்களத்துல கேக்குற?” என்று முஸம்மில் சிரித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து ரபாயேல் சொன்ன விமர்சனம் சுருக்கமானது. “குப்ப. மொதப் படத்தோட கால் தூசிக்கு வராது.”

பஸ்ஸிலும் அதே பிரசாரம். ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற படத்தைத் திட்டுகிற ஒரே ஆள் அவர்தான். “அந்தக் கோட்டச் சண்டையப் பார்த்துட்டுமாண்ணே இப்படிச் சொல்றீங்க?” என்று சாரதி ஜீவராஜ் கியரை மாற்றிக்கொண்டே கேட்டார். “சண்ட இருந்தாப் போதுமா? கதைன்னு ஒண்ணு வேணாமா? ரெண்டாம் பாகம்னாலே காலையில வடிச்ச சோத்த ராவைக்குச் சூடாக்குறதுதான்” என்றார் ரபாயேல். “நீங்க சூடாக்கின சோத்தயும் ரெண்டு தரம் போட்டுச் சாப்புடுற ஆளு” என்று ஜீவராஜ் விடவில்லை. ரபாயேல் பின்பக்கம் போய் ஃபுட்போர்டில் நின்றுகொண்டார்.

நல்ல படத்தைக் குப்பை என்று சொல்ல அவருக்கு நாக்குக் கூசத்தான் செய்தது. ஆனால் வேறு வழி? அந்த வரி மார்ஜரியின் காதில் விழுந்தால், அவள் றெக்சனை இன்னொரு தடவை பறிகொடுக்க வேண்டும். அது மட்டுமா? இத்தனை வருஷம் புருஷன் சொன்னதில் எது மெய், எது பொய் என்று அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கத் தொடங்கினால் அவர் எந்த முகத்தோடு அந்த வீட்டில் உட்காருவார்? பயம் என்றால் உண்மையான பயம். பஸ்ஸை யானை மறித்த ராத்திரிகளில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

மார்ஜரி சும்மா இருக்கிற ஆளா? ஞாயிறு பூசை முடிந்து வருகிற வழியில் முஸம்மிலின் கடைக்குள் நுழைந்து, கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானச் சோறு முடிந்ததும் பென் டிரைவை அவளே சொருகினாள்.

“குப்பைன்னு சொன்னேன்ல?”

“சொன்னீங்க. குப்பையா இல்லையான்னு நானும் பார்த்துக்கிறேன்.”

திரை முழுவதும் பனி. நரைத்த தலையோடு தோமாசு நடந்து வந்தான். வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் பேசினான். “என் பெயர் டொமோசோ. உடன்பிறந்த தம்பியை இந்தக் கைகளால் கொன்றவன் நான்.”

ரபாயேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. மார்ஜரி படத்தை நிறுத்தினாள்.

“நீங்க சொன்னது சரிதான்” என்றாள். “மொதப் படம் மாதிரி வராது.”

“மார்ஜரி, அது வந்து...”

“எனக்குத் தெரியுங்க. பக்கத்து வீட்டு ரொஷானி சிங்களத்துல படிச்ச புள்ள இல்லையா? றெக்சனோட மொத வருசப் பூசைக்கு முந்தி ஒரு நாள் வந்திருந்தா. நீங்க பஸ்ல போயிருந்தீங்க. நான் பாலத்தப் போட்டுக்கிட்டு இருந்தேன். எழுத்த வாசிச்சு அவதான் சொன்னா.”

ரபாயேல் தலையை நிமிர்த்தினார். அத்தனை பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. “தெரிஞ்சுமா, இவ்வளவு காலமும் என்னையச் சொல்லச் சொன்ன?”

“அவ எழுத்துல உள்ளதச் சொன்னா. எனக்கு நீங்க சொல்றதுதான் வேணும்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அன்னைக்கு நீங்க அதச் சொல்லாட்டி, நான் எந்திரிச்சு ஒல வைச்சிருக்க மாட்டேன்.”

ரிமோட்டை எடுத்தாள். படத்தை மறுபடி ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் முழுதாக அடைத்தாள். பனியில் நின்றுகொண்டு தோமாசு உதட்டை அசைத்தான். வாசிக்கக் கீழே ஓர் எழுத்தும் இல்லை.

“ம், சொல்லுங்க” என்றாள். “அவன் தம்பி இப்ப எங்க இருக்கானாம்?”

ரபாயேல் எழுந்து, தன் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார். மார்ஜரியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டார்.