வைக்கோல் பெண்ணுக்கு ஒரு பிள்ளை

நான் எழுதும் கதையில் ஒரு புது ஆளைக் கொண்டுவரும்போதெல்லாம் எனக்குப் பயம் வரும். இல்லாத ஒருத்திக்காக யார் அழப்போகிறார்கள், பேசாமல் வேறு வேலை பார்க்கலாமே என்று தோன்றும். இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. அபிராமத்துப் பக்கம் எங்கள் ஊரில் நாலாம் வகுப்புப் படிக்கும்போதே பிடித்துக்கொண்டது.

அந்த வருடம் ஐப்பசி முடிந்தும் மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஒரு தூறலில் முளைத்துவிட்ட மிளகாய், அடுத்த தூறலுக்குக் காத்து வாடியது. அய்யா சோற்றுத் தட்டைப் பாதியில் நகர்த்திவிட்டு எழுந்து போவார். போனால் மிளகாய்க் காட்டில்தான் நிற்பார்.

ஊர் கூடிக் கொடும்பாவி கட்ட முடிவு செய்தது. மழையைத் தடுத்து வைத்திருக்கும் மகாபாவி என்று ஒரு வைக்கோல் உருவத்தைத் தெருத்தெருவாக இழுத்துவந்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுது, கண்மாய்க்கரையில் எரிப்பார்கள். இங்கே கண்ணீர் விழுந்தால்தான் மேலே இளகும் என்பது கணக்கு.

உருவத்தை அம்மாதான் கட்டினாள். அத்தையின் பழைய சேலையில்தான் கோளாறு வந்தது. அதைச் சுற்றியதும் கொடும்பாவிக்கு அப்படியே அத்தை ஜாடை.

"ஏ மதினி, என்னையவே கொண்டாந்து படுக்கப் போட்டிருக்கீகளே!" என்றாள் அத்தை. அவ்வளவுதான். ஒப்பாரி தொடங்கும், யாராவது சேலையைப் பார்ப்பார்கள், சிரிப்பில் போய் முடியும். தள்ளி நின்ற அய்யாவின் முகத்தைப் பார்த்தேன். இவர்கள் சிரித்தே மழையை விரட்டிவிடுவார்கள் என்று அம்மாவிடம் ஓடினேன்.

எப்படி வாயில் வந்ததோ தெரியவில்லை. "அம்மா, இதுக்கு ஒரு பச்சப்பிள்ள இருக்கும்மா. வீட்ல தொட்டில்ல கெடக்கு. ஆத்தா தண்ணிக்குப் போயிருக்கான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு."

சிரிப்பு நின்றது. அம்மா உருவத்தின் மேல் விழுந்து, "பாவி மகளே, பிள்ளைய ஆருகிட்ட விட்டுட்டு வந்த?" என்று கதறினாள். அத்தையும் அழுதாள். தெருவே அழுதது.

எனக்குத்தான் உயிர் போயிற்று. பிள்ளை என் இட்டுக்கட்டல். பொய்க்கு அழுதால் மழை எப்படி வரும்? அய்யாவின் மிளகாய் இனி என்னால்தான் கருகப்போகிறது. எரித்துவிட்டுத் திரும்பும்போது, பொறுக்க முடியாமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, அதுக்குப் பிள்ளையெல்லாம் கெடையாதும்மா. நானாச் சொன்னேன்."

"எனக்குத் தெரியாதாடி? வைக்கலக் கட்டுனதே நான்தான?"

மூக்கைச் சிந்திக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தவள் நின்றாள். "பசிச்சு அழுதிருக்குமோடி?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சில நாள் கழித்து மழை வந்தது. தப்பித்தோம், சாமி என் பொய்யைக் கவனிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அம்மா கேட்டது மனதில் நிற்கவேயில்லை.

இப்போது எழுத உட்கார்ந்து பயம் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் வருகிறது. உடனே பேனாவை எடுத்துவிடுகிறேன். பிள்ளைக்குப் பசிக்குமே.