ஆயிரத்து அறுநூற்று ஏழில் விட்டுப்போன பிள்ளை

வசந்தமலர் முதியவர் டெவ்லினுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தாள். ஒனிஹங்கா முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை பழக்கியவள் நான். சவரக் கத்தி பிடித்தால் அவள் கவனம் சிதறாது. அன்று அழுதுகொண்டே மழித்தாள். கத்தியை வாங்கி வைத்தேன்.

"என்னடி?"

"பிள்ளை வரமாட்டனெண்டிட்டாள் அக்கா."

தொண்ணூறில், யுத்தத்துக்குள் புறப்பட்டபோது, கைக்குழந்தை பிரணவியைத் தமக்கை புஷ்பவதியிடம் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள் அவள். ஐந்து வருஷம் கழித்து இப்போதுதான் பிள்ளைக்கு விசா கிடைத்தது. கொழும்பிலிருந்து ஒரு தெரிந்த குடும்பம் கூட்டிவர ஏற்பாடு. பிள்ளையோ பெரியம்மாவின் சேலையை விடவில்லை. விசாவின் தவணையும் முடியப்போகிறது.

"எங்கடை அக்காதான் சொல்லிக் குடுத்திருப்பா. பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் பிளேனில ஏத்தச் சொல்லிப்போட்டன்."

எதற்கு அழுகை என்று டெவ்லின் நுரை முகத்தோடு கேட்டார். சொன்னாள். அவர் அயர்லாந்தில் திரோன் பக்கத்தவர். எதைச் சொன்னாலும் ஆயிரத்து அறுநூற்று ஏழுக்குப் போய்விடுவார். நாங்கள் காது கொடுப்பதில்லை. அன்று கேட்டோம்.

அந்த ஆண்டு திரோன் பிரபு ஆங்கிலேயருக்குப் பயந்து அவசரமாகக் கப்பல் ஏறினார். சின்ன மகன் பக்கத்தில் இல்லை. பிள்ளைகளை இன்னொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுப்பது அங்கே பெரியவீட்டு வழக்கம். வளர்த்தவர்கள் மாடுகளோடு மேய்ச்சலுக்குப் போயிருந்தார்கள். தேட நேரமில்லை. பிள்ளை ஆங்கிலேயர் கையில் அகப்பட்டான். தகப்பன் அவனை மறுபடி காணவேயில்லை.

"வளர்த்தவர்களுக்கும் கப்பலில் இடம் வைத்திருந்தால், அவர்களே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள்" என்றார் டெவ்லின். "அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. சரி, என் பாதித் தாடி இன்னும் இங்கேதான் இருக்கிறது."

வசந்தமலர் என் பக்கம் திரும்பித் தமிழில் சீறினாள். "கிழவனுக்கு என்ன தெரியும்? நான் பெத்த பிள்ளை!"

"ஓம், நீதான் பெத்தனீ. காய்ச்சலுக்கு ஆர் முழிச்சிருந்தது?"

வசந்தமலர் கண்ணைத் துடைத்தாள். கத்தியை எடுத்து மீதி முகத்தை மழித்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை.

மறுநாள் காலை ரானுயியில் அவள் வீட்டுக்குப் போனேன். கொழும்பில் நடுச்சாமம் என்றும் பாராமல் தமக்கையை எழுப்பிக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களும் வாங்கோ. விசிட் விசாவுக்கு நான் ஸ்பொன்சர் பண்ணுறன். ஓம், பிள்ளை உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டே வரட்டும். இல்லை, கோவமில்லை."

தொலைபேசியை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு, பெரியம்மாவுக்கென்று நான் வான் வண்டியில் ஏற்றிப்போயிருந்த பழைய கட்டிலை இருவருமாகத் தூக்கி, பிள்ளையின் கட்டிலோடு ஒட்டிப் போட்டோம்.