வண்டிக்கடியில் ஈரம் இல்லை

என் அக்கா வீட்டுக்காரர் தெருநாய்களை "சார்" என்று கூப்பிடுவார். என்னை "டேய்" என்று கூப்பிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். "ராத்திரி செம குளிரு, தூக்கம் வந்துச்சா சார்?" என்று காலையில் ஒவ்வொரு நாயிடமும் நின்று விசாரிப்பார். கட்டின பெண்டாட்டியை ஒரு நாளாவது இப்படி விசாரித்ததுண்டா என்று அக்காவுக்கு மனத்தாங்கல்.

மாமாவிடம் ஒரு பழைய வேன் இருந்தது. ஆஸ்பத்திரி, லாட்ஜ் என்று ஏறி இறங்கி, வெளுத்த துணியைக் கொடுத்துவிட்டு அழுக்குத் துணியை வாங்கி வருவார். மூட்டைகளைத் தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப் போயிருந்தது. அந்த வேனை ஓட வைப்பது மெக்கானிக்காகிய என் தலையில் எழுதியிருந்தது. அவரோ நான் சொல்கிற எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

எங்கள் மலையூரில் அந்தக் குளிர்காலத்தில் வேனில் கூலன்ட் குறைய ஆரம்பித்தது. என்ஜின் கொதிக்காமலும் குளிரில் உறையாமலும் இருக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் அது. முதல் நாள் நிறைத்து வைத்தால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். மாமா டப்பாவும் புனலுமாக வந்து ரொப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

பட்டறையில் வைத்து, என்ஜினைச் சூடாக்கி, காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளுக்குள் எரிகிறதோ என்று புகையைப் பார்த்தேன், என்ஜின் ஆயிலைப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். வாசலில் வண்டி நிற்கிற இடத்திலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியாகிவிட்டது. தெரு முழுக்கப் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வேனுக்கு அடியில் மட்டும் தரை கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். கறை இல்லை, ஈரம் இல்லை. ஒரு நாள் ராத்திரி அட்டை விரித்து வைத்தேன். காலையில் அட்டையையே காணோம்.

"காத்துல பறந்திருக்கும்டா" என்றார் மாமா.

அட்டையின் மேல் நான் செங்கல் வைத்திருந்தேன். செங்கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைச் சொல்லவே எனக்கு என்னவோ போலிருந்தது.

அதே குளிரில்தான் தெருவில் நாய்கள் சாக ஆரம்பித்தன. எல்லாம் ஒரே விதமாகச் செத்தன. முதலில் குடித்தவன் மாதிரி தள்ளாடும். சுவரில் மோதிக்கொள்ளும். தண்ணீரைக் கண்டால் விடாமல் குடிக்கும். அடுத்து தெளிந்து எழுந்து வாலை ஆட்டும், பிழைத்துவிட்டது என்று மாமா கும்பிடுவார். அதற்கப்புறம் மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். டாக்டரிடம் தூக்கிப்போயும் பலனில்லாமல், ஒவ்வொன்றின் தலையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். போன நாய்களின் இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வந்தன. அவையும் தள்ளாடின.

எதிர்வீட்டுத் தையல்காரருக்கு நாய் என்றாலே ஆகாது. குரைப்பில் தூக்கம் போகிறது என்று சண்டைக்கு வருவார். ஒரு நாள் மாமா நடுத்தெருவில் நின்று, "வாயில்லா ஜீவனுக்கு விஷம் வைக்கிற கை அழுகிப் போவும்யா!" என்று கத்திவிட்டார். தையல்காரர் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். தெருவே மாமா பக்கம் சேர்ந்துகொண்டது. நானும்தான் சேர்ந்துகொண்டேன்.

குளிர் கூடக் கூட கூலன்ட் அதிகமாகக் குறைந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டியது. ரப்பர் ஹோஸ் குளிரில் இறுகிச் சுருங்கும், கிளிப் பிடி விடும், ஒழுகும். என்ஜின் சூடானதும் எல்லாம் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். பட்டறைக்கு ஓட்டி வந்து பார்த்தால் அந்த லீக் என் கண்ணில் படப் போவதில்லை. வண்டி நிற்கிற இடத்திலேயே, அது நன்றாகக் குளிர்ந்திருக்கிற நேரத்தில் பார்க்க வேண்டும். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் போய், சாக்கை விரித்து, ஒழுகுவதைப் பிடிக்கக் கீழே ஒரு தொட்டியைத் தள்ளிவிட்டு வண்டிக்கடியில் படுத்தேன்.

முதுகு விறைத்தது. வெளிச்சம் சாம்பல் நிறத்தில் ஊறி வந்தது. அப்போது என் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். நாய்கள். என்னைக் கண்டாலே குரைக்கிற நாய்கள், சத்தமே இல்லாமல் என்னைச் சுற்றிப் படுத்திருந்தன. ஒன்றும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் என்ஜினையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. முன்சக்கரத்துக்குப் பின்னால், அன்று நான் அட்டை விரித்து வைத்த அதே இடத்தில், மூன்று காலில் நடக்கிற மொண்டி தரையை நக்கிக்கொண்டிருந்தது. கம்பி வழியாக ஓடி வந்த பச்சைச் சொட்டு ஒன்று மேலேயிருந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. அதன் நாக்கு அதற்கு முன்பே அங்கே இருந்தது. நனைந்த அட்டையையும் இவைதான் இழுத்துப் போயிருக்கும்.

கூலன்ட் இனிக்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். விஷம் என்பதும் தெரியும். கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் தட்டி விரட்டினேன். விலகி நின்றன, போகவில்லை. தொட்டியை இழுத்து வைத்து கிளிப்பைத் தொட்டேன், இற்றுப்போன ஹோஸ் கையோடு வந்துவிட்டது. மிச்சமெல்லாம் தொட்டியில் கொட்டியது. நாய்கள் முனகின.

கதவு திறந்தது. மாமா வழக்கம்போல டப்பாவும் புனலுமாக வந்தார். நாய்கள் துள்ளிக்கொண்டு அவரிடம் ஓடின.

"பாத்தியாடா! என்னைக் கண்டா எப்படி ஓடி வர்றாங்க சாருங்க!"

அவை டப்பாவைத்தான் பார்த்தன. அவருக்குத் தெரியவில்லை. மொண்டி மட்டும் பின்தங்கி, நேராக வர முடியாமல், வேனின் மேல் சாய்ந்தது. நான் வருவதற்கு முன்பே வெகுநேரம் நக்கியிருக்கிறது.

சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "மாமா, மொண்டிய இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனா காப்பாத்திடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

"வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டியேடா, எதுல போறது?"

தெருவில் வேறு ஒரே ஒரு கார்தான் உண்டு. மாமா எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார். தையல்காரர் வந்தார்.

"உங்க வண்டி வேணும்" என்றார் மாமா.

தையல்காரர் மொண்டியைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாவியும் ஒரு கட்டுத் துண்டுத் துணியும் எடுத்து வந்து, பின்சீட்டில் துணியை விரித்தார். அதற்குள் நான் தொட்டியையும் டப்பாவையும் வேனுக்குள் வைத்துப் பூட்டினேன்.

வழியில் மொண்டியின் வாயை மாமா துடைத்துக்கொண்டே வந்தார். துணியில் பச்சையாக ஏதோ ஒட்டியது. அதை முகர்ந்து பார்த்தார். அப்புறம் தன் விரல்களை முகர்ந்தார். மறுபடி துணியை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கால்நடை டாக்டர் நாயின் கண்ணை விரித்துப் பார்த்தார். "என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரிஞ்சா மருந்து இருக்கு. தெரியலன்னா, நீங்க முன்னாடி கொண்டாந்ததுங்க கதிதான்."

மாமாவை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் காதில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். "மாமா, நீங்க கொஞ்சம் வெளியில..." என்று ஆரம்பித்தேன்.

"கூலன்ட், டாக்டர்" என்றார் அவர். "என் வண்டியிலேருந்து ஒழுகினது. தினமும் நாந்தான் ஊத்தினேன். இதே கையாலதான்." பிறகு தையல்காரர் பக்கம் திரும்பினார். "உங்களப் போயி..."

"முதல்ல காலப் பிடிங்க. ஊசி போடறாங்க" என்றார் தையல்காரர்.

மொண்டி பிழைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் மாமாவைப் பார்த்து நொண்டிக்கொண்டே ஓடி வந்து அவர் கையை நக்கப் போனது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். வாசல் குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டு, உறைகிற தண்ணீரில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். போதும் என்று அக்கா வந்து குழாயை மூடினாள். அவர் மறுபடி திறந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மொண்டி வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது.